உமி கேஸ் உலை: இரண்டு மணி நேரத்தில் இழுவை விழுகிறது, வால்வு ஒட்டுகிறது, கறுப்புத் தண்ணீர் வேறு

பெகு மில்

எல்லோருக்கும் வணக்கம். பர்மாவில் பெகு பக்கம் சின்ன அரிசி மில். 40 குதிரைசக்தி டீசல் எஞ்சினுக்கு, உமியை உலையில் அரைகுறையாக எரித்து எடுக்கும் கேஸைக் கலந்து ஓட்டுகிறோம். நாளுக்குப் பத்து மணி நேரம், மணிக்கு 40 தின் நெல் (தின் என்பது இங்கே நெல் அளக்கும் கூடை).

உலை 3 அடி விட்டம், 6 அடி உயரம். மேல் வாய் திறந்தது. உமியும் காற்றும் மேலிருந்து போகும், கேஸ் அடியிலிருந்து வரும். 5 மி.மீ. தகடு, உள்ளே கல் எதுவும் கட்டவில்லை. அடிப்பாகம் தண்ணீர்த் தொட்டிக்குள் நிற்கிறது. சல்லடைத் தட்டைக் கையால் சுற்ற வேண்டும். சாம்பலைச் சாயங்காலம் மில் நிறுத்தும்போது ஒரே தடவையாகத் தள்ளுகிறோம். உலைக்குப் பிறகு தண்ணீர் தெளிக்கும் கோபுரம் ஒன்று, உமியும் தேங்காய் நாரும் அடைத்த டிரம் இரண்டு, கடைசியில் துணி வடிகட்டி. மணிக்கு 28 வீசை உமி போடுகிறோம் (பர்மா வீசை, கிலோ கணக்கில் 45-க்குக் கொஞ்சம் மேல்).

வெறும் டீசலில் மணிக்கு 9 லிட்டர் குடிக்கும். கேஸ் கொடுத்தவுடன் இரண்டரை லிட்டராக இறங்கும். இரண்டு மணி நேரம் கழிந்தால் எஞ்சின் இழுக்காது. டீசல் திரும்ப 5 லிட்டருக்கு ஏறிவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவை இன்லெட் வால்வு ஒட்டிக்கொள்கிறது. கோபுரத்துத் தண்ணீர் கறுப்பாகி வயல் வாய்க்காலில் கலக்கிறது, பக்கத்து வயல்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். மழைக்காலத்தில் எல்லாமே இன்னும் மோசம். பட்டறைக்காரர் இன்னொரு வடிகட்டி டிரம் வைக்கச் சொல்கிறார். வைக்கலாமா?

உலைவாய்

வைக்காதீர்கள் தம்பி. வடிகட்டி எத்தனை வைத்தாலும், புகையில் வரும் ஒட்டுப்பசையான தார் பிறக்கும் இடம் உலைதான். அங்கே எரியாமல் தப்பியதுதான் கோபுரத்தில் கறுப்புத் தண்ணீராகவும் வால்வில் பசையாகவும் வருகிறது. உங்கள் மூன்று தொல்லையும் ஒரே நோய்.

முதலில் விட்டம். 3 அடி வட்டத்தின் பரப்பு சுமார் 0.66 சதுர மீட்டர். மணிக்கு 45 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு 70 கிலோகூட எரியவில்லை. தொண்டை ஒடுக்கம் இல்லாத, உங்களுடையதுபோல் நேராக இறங்கும் உமி உலையில் ஜெயின், காஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல அளவு உலைகளை ஓட்டிப் பார்த்து 2000-ல் வெளியிட்ட கணக்கில், சதுர மீட்டருக்கு மணிக்கு 192.5 கிலோ எரியும்போதுதான் கேஸ் நன்றாக வந்தது. நீங்கள் அதில் மூன்றில் ஒரு பங்கில் ஓட்டுகிறீர்கள். நெருப்பு பரந்து மந்தமாகக் கிடக்கிறது. தார் உடைய 900 பாகை செல்சியஸ் அளவிலாவது சூடு வேண்டும். மந்த நெருப்பில் அது வராது. உலை பெரிதாக இருந்தால் கேஸ் நிறைய வரும் என்று பட்டறைகளில் ஒரு நினைப்பு உண்டு. எஞ்சின் உறிஞ்சுவதுதானே கேஸ். உலையைப் பெரிதாக்கினால் நெருப்புதான் மெலியும்.

இரண்டாவது, வெறும் தகடு. நடுவில் சூடு இருந்தாலும் தகட்டை ஒட்டி நாலு விரல் அகலத்துக்கு ஒரு குளிர்ந்த வளையம் இருக்கும். அந்த வளையம் வழியாக இறங்கும் புகை தார் உடையாமலே கீழே போய்விடும்.

இரண்டு மணி நேரக் கணக்கு இது. விறகு எரிந்தால் ஒரு பிடி சாம்பல்தான் மிஞ்சும். உமி அப்படியில்லை, அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. எரிந்த உமியை எடுத்துப் பாருங்கள், ஓடு அப்படியே உமி உருவத்தில் நிற்கும், விரலில் நசுக்கினால்தான் பொடியும். அதனால் இடம் குறையாது. 45 கிலோ உமிக்கு மணிக்கு 100 லிட்டருக்குக் குறையாமல் கரியும் சாம்பலும் சேரும். உங்கள் உலையில் இரண்டு மணி நேரத்துக்கு அது ஒரு அடி உயரம். அடியில் அடைப்பு ஏற ஏற நெருப்பு மேலே ஏறும், அதன் மேல் நிற்கும் உமி மெலியும், எஞ்சின் இழுக்கிற கேஸ் குறையும். சாயங்காலம் வரை சாம்பலைத் தள்ளாமல் வைத்தால் வேறென்ன ஆகும்?

செய்ய வேண்டியது: உள் விட்டத்தை 22 அங்குலமாகக் குறையுங்கள். பரப்பு கால் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதே 45 கிலோவுக்கு சதுர மீட்டருக்கு 185 வரும். 36-லிருந்து 22 போனால் சுற்றிலும் 7 அங்குலம் கிடைக்கும்: நாலரை அங்குலம் தீக்கல், பின்னால் இரண்டரை அங்குலம் உமிச்சாம்பல் காப்பு. தகட்டை மாற்ற வேண்டியதே இல்லை.

ஒன்று மறக்காதீர்கள். குறுகிய உலையில் சாம்பல் மணிக்கு 40 செ.மீ. ஏறும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தட்டைக் கால் சுற்று சுற்றிச் சாம்பல் இறக்க வேண்டும். ஆள் நிற்க முடியாது என்றால் கியர் வைத்த சின்ன மோட்டார் போடுங்கள்.

கவர்னர்

எஞ்சின் பக்கத்தை நான் சொல்கிறேன்.

வால்வு ஓடும்போது ஒட்டுவதில்லை, நிறுத்திய பிறகுதான் ஒட்டும். சூட்டில் இளகி நிற்கும் தார், எஞ்சின் ஆறியதும் வால்வுத் தண்டில் கோந்தாகிவிடும். அதனால் நிறுத்துவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே கேஸ் வால்வை மூடி வெறும் டீசலில் ஓட்டி நிறுத்துங்கள். உலை சரியாகும் வரை இது ஒன்றே உங்களைக் காப்பாற்றும். ஒட்டியதைச் சுத்தியலால் தட்டாதீர்கள், தண்டு வளையும். மண்ணெண்ணெயில் ஊற வைத்து எடுக்கலாம். எஞ்சின் ஆயிலும் வழக்கமான மணிக்கணக்கில் பாதிக்கே மாற்ற வேண்டும்.

கேஸும் காற்றும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. இரண்டு குழாயும் ஒரே அளவாக இருக்கட்டும், தனித்தனி வால்வு. முழு லோடு ஏறிய பிறகு கேஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காற்றைக் குறையுங்கள். கறுப்புப் புகை எட்டிப் பார்த்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். அரைச் சுற்று பின்வாங்கி அங்கேயே விட்டுவிடுங்கள். இழுவை விழுந்தது என்று கேஸை மேலும் மேலும் திறப்பவர்களுக்கு அதனாலேயே இன்னும் விழும். டீசல் செலவில் 70 சதம் மிச்சமானால் போதும், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். உள்ளே போகிற டீசல்தான் அதைப் பீச்சும் நாசிலின் நுனியைக் குளிர்விக்கிறது; அது ரொம்பக் குறைந்தால் நுனி கருகும், எஞ்சினும் தட்டும்.

கேஸ் எப்படி வருகிறது என்று பார்க்க வெள்ளைத் துணி போதும். துணி வடிகட்டிக்குப் பிறகு ஒரு அரை அங்குலக் குழாய் வையுங்கள். எஞ்சின் ஓடும்போது திறக்கக்கூடாது; அப்போது குழாயில் உறிஞ்சல்தான் இருக்கும், காற்று உள்ளே போய்விடும். காலையில் ஊதுகாற்றாடி கேஸை வெளியே தள்ளி எரித்துப் பார்க்கும் நேரத்தில் திறந்து, துணியை ஒரு நிமிடம் பிடியுங்கள். சாம்பல் நிறத்தில் உலர்ந்து, தட்டினால் உதிர்ந்தால் தூசி, கேஸைச் சுழற்றித் தூசி பிரிக்கும் சைக்கிளோனைக் கவனியுங்கள். உங்கள் பட்டியலில் சைக்கிளோனே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், கோபுரத்துக்கு முன் சூடான இடத்திலேயே அது இருக்க வேண்டும். பழுப்பாகி விரலில் ஒட்டினால் தார். எஞ்சினுக்குப் போகும் கேஸில் கன மீட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் தார் ஆகாது என்பது பொதுவான அளவு. துணி மில்லிகிராம் சொல்லாது. நேற்றைக்கு இன்றைக்கு எப்படி என்று மட்டும் சொல்லும். தேதி எழுதி ஆணியில் மாட்டி வையுங்கள்.

வாய்க்கால் ஓரம்

கறுப்புத் தண்ணீரைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. அதில் இருப்பது பீனால் வகைகள். மீனுக்கும் நாற்றுக்கும் நஞ்சு, கிணற்றில் இறங்கினால் வாடை போகாது. வயல்காரர் சண்டைக்கு வந்தது நியாயம்தான். அரிசி மில் உலைகளுக்கு நம் நாட்டில் கெட்ட பெயர் வந்ததே இந்தத் தண்ணீரால்.

தெளிக்கும் தண்ணீரை வெளியே விடுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். சிமெண்டுத் தொட்டி மூன்று, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழியும்படி. முதலாவதில் சாம்பல் அடியில் தங்கும். இரண்டாவதில் மிதக்கும் தாரைப் பலகை வைத்து மறித்து வாருங்கள். மூன்றாவதிலிருந்து பம்ப் வைத்துத் திரும்பக் கோபுரத்துக்கே ஏற்றுங்கள். பெகு பக்கம் மழைக்காலத்தில் நிலத்துத் தண்ணீர் மேலேயே நிற்கும், மண் குழி வெட்டினால் முதல் பெருமழையிலேயே வயலுக்கு வழிந்துவிடும். தரைக்கு மேலே இரண்டு அடி சுவர், மேலே கூரை. கூரை இல்லாத தொட்டி வீண்.

அடுத்த கட்டமாகத் தெளிப்பதையே விட்டுவிடலாம். சைக்கிளோனுக்குப் பிறகு கேஸ் குழாயைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வளைத்து வளைத்துக் கொண்டுபோய் வெளியிலிருந்தே குளிரவையுங்கள். கேஸ் 40 பாகைக்கு இறங்கினால் போதும். அப்போது அழுக்காவது குழாய்க்குள் வடிகிற தண்ணீர் மட்டும்; தாழ்ந்த இடத்தில் வடிகுழாய் வைத்து டிரம்மில் பிடிக்கலாம். அதோடு வடிகட்டி டிரம்மில் ஊறிய உமியையும் சேர்த்து நெல் உலர்த்தும் அடுப்பில் எரித்துவிடுங்கள். கேஸ் உலையில் மட்டும் திரும்பப் போடாதீர்கள், ஈரம் நெருப்பைக் குலைக்கும். குழாய்க்குள் தார் படியும் என்பதால் ஒவ்வொரு வளைவிலும் கழற்றுகிற மூடி தேவை.

டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வைக்கிங் என்று ஒரு மரத்துண்டு உலை 2002 முதல் ஓடியது. விறகைச் சுட்டுப் புகையாக்குவது ஓர் அறையில், கரியைக் கேஸாக்குவது இன்னொன்றில். இரண்டுக்கும் நடுவில் காற்று விட்டுப் புகையை எரிப்பார்கள். தார் கன மீட்டருக்கு 5 மில்லிகிராமுக்கும் கீழே. நம்மால் அதைக் கட்ட முடியாது. ஆனால் உலைவாய் சயா (ஆசிரியர் என்று மரியாதையாக அழைப்பது) சொன்ன அதே பாடம்தான்: தாரை உலையிலேயே எரித்து முடிக்க வேண்டும்.

பெகு மில்

சயாமார்களுக்கு நன்றி. சாம்பல் கணக்கு மண்டையில் அடித்ததுபோல் இருக்கிறது. மூன்று சந்தேகம். தீக்கல் வளையம் எப்படிக் கட்டுவது, சாதாரண சிமெண்டு போதுமா? 3 அடித் தகட்டுக்குள் பாதி உயரம் மட்டும் கல் கட்டினால் செலவு குறையுமே? மழைக்கால உமியை என்ன செய்வது?

உலைவாய்

சாதாரண சிமெண்டு தீப்படும் இடத்தில் ஆகவே ஆகாது. 500 பாகை வாக்கில் அதன் கட்டு விட்டுப்போகும், ஆறிய பிறகு ஈரம் பட்டால் உப்பி உதிரும். கல்லுக்கு நடுவே தீக்களிமண் சாந்து, அதுவும் மெல்லியதாக. அலுமினா அதிகமுள்ள தீச்சிமெண்டு கிடைத்தால் நல்லது.

நேர்க்கல் வைத்து வட்டம் கட்டினால் பின்பக்கம் விரல் போகும் இடைவெளி விடும். ஒரு பக்கம் ஒடுங்கிய ஆப்புக்கல் கேளுங்கள். உள்முகம் 3 அங்குல அகலம், உயரம் 9, தடிமன் நாலரை என்றால் 22 அங்குல வட்டத்துக்கு ஒரு வரிசையில் 23 கல். நாலு வரிசை கட்டினால் 3 அடி உயரம், 92 கல். உடைசலுக்குச் சேர்த்து 100 வாங்குங்கள். தகட்டில் உள்பக்கமாக ஒரு இரும்பு வளையம் வெல்டு செய்து அதன் மேல் முதல் வரிசை உட்கார வேண்டும். சல்லடைத் தட்டு 22 அங்குலத்தை விடச் சற்றுப் பெரிதாக வளையத்துக்குக் கீழே. கல்லுக்குப் பின்னால் நன்றாக எரிந்த வெள்ளைச் சாம்பலை இடித்து அடையுங்கள். கறுப்பு உமிக்கரி வேண்டாம், பல் தேய்க்கத்தான் அது; சுவருக்குள் வைத்தால் காற்று பட்டு உள்ளேயே கனன்று போய் இடம் காலியாகும்.

பாதி உயரத்தில் கல்லை நிறுத்தினால் அங்கே ஒரு தோள் உண்டாகும். உமி தோளில் தங்கிப் பாலம் கட்டும். கீழே பள்ளம் விழுந்து காற்று நேராக நெருப்புக்குள் பாயும். அங்கே சூடு ஏறிச் சாம்பல் உருகிக் கட்டியாகும், மற்ற இடத்தில் நெருப்பே இருக்காது. அதனால் வாய் வரை ஒரே நேர்ச்சுவர் வேண்டும். செலவுக்கு வழி உண்டு: கீழே 3 அடிக்குத்தான் தீக்கல், மேலே 22 அங்குலத் தகட்டுக் குழாய் இறக்கி அதைச் சுற்றிச் சாம்பல்.

கட்டி முடித்த அன்றே பெரிய நெருப்பு வைக்காதீர்கள். இரண்டு நாள் சிறு தீ. சாந்துக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகப் போக நேரம் கொடுக்காவிட்டால் கல் வெடிக்கும்.

மழைக்காலம்: உமி உங்கள் மில்லிலிருந்து வரும்போது காய்ந்துதான் வருகிறது. வெளியே குவித்து வைத்த பிறகுதான் நனைகிறது. ஊதுகுழாயிலிருந்து விழும் அன்றைய உமியையே உலைக்குத் திருப்புங்கள். பழைய குவியல் செங்கல் சூளைக்குப் போகட்டும். மணிக்கு 40 தின் நெல் என்றால் 830 கிலோவுக்கு மேல், அதில் ஐந்தில் ஒரு பங்கு உமி, 165 கிலோ. உலைக்குத் தேவை 45. குவியலைத் தொடவே வேண்டாம். சந்தேகம் வந்தால் 100 கிராம் உமியை அடிபிடிக்காமல் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து, எடை மேலும் குறையாமல் நிற்கும்போது பாருங்கள். 88-க்குக் கீழே போனால் அந்த உமி வேண்டாம். ஈரம் 10 சதத்திலிருந்து 20 ஆனால் மணிக்கு நாலரை கிலோ கூடுதல் தண்ணீரை உங்கள் நெருப்பு சும்மா ஆவியாக்க வேண்டும்; தார் உடைக்க வைத்திருந்த சூடு அதிலேயே போய்விடும்.

U வடிவக் கண்ணாடிக் குழாய் ஒன்றில் சாயத் தண்ணீர் ஊற்றி, ஒரு நுனியை உலையின் கேஸ் குழாயில் மாட்டுங்கள். காலையில் கேஸ் நன்றாக எரியும்போது இரண்டு பக்க வித்தியாசம் எத்தனை மி.மீ. என்று சுவரில் கோடு போடுங்கள். அது இரட்டிப்பானால் சாம்பல் அடைப்பு, தட்டைச் சுற்றுங்கள். திடீரென்று விழுந்தால் உலைக்குள் உமிப் படுக்கையில் ஓட்டை விழுந்திருக்கிறது, கம்பியால் குத்திச் சமன் செய்யுங்கள்.

தாத்தோன் ரப்பர்

இதே உலையில் பால் வற்றிய ரப்பர் மரத் துண்டு போடலாமா அண்ணே? இங்கே உமியை விட அதுதான் நிறைய.

உலைவாய்

வேண்டாம். மரத்துக்குத் தொண்டை ஒடுங்கிய உலைதான் சரி. அந்த ஒடுக்கத்தில் சூடு குவிந்து தார் உடையும். 2 முதல் 5 செ.மீ. துண்டு, நன்றாகக் காய்ந்தது. உமியை அந்தத் தொண்டைக்குள் விட்டால் இறங்காது, மரத்தை இந்த உலையில் விட்டால் தார் கூடும். சாம்பல் குறைவு என்பதால் மரத்தில் தட்டு வேலை ரொம்பச் சுலபம். புது உலைக்குத் தனிப் பதிவு போடுங்கள் தம்பி, இங்கே கலந்தால் குழப்பம்.

ஆவிக்காலம்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நாளுக்கு மூன்று மணி நேரம் ஓடும் மில்காரர் யாராவது இதைப் படித்துவிட்டு உலை கட்டக் கிளம்பினால், அது உமி குத்திக் கை நோகிற வேலை. மூட்டி நல்ல கேஸ் வரவே அரை மணி போகும், அந்த அரை மணிப் புகைதான் தார் மிகுந்தது. பத்து மணி நேரம் ஓட்டுகிறவருக்குக் கணக்குக் கட்டும். வெள்ளைக்காரன் காலத்து ரங்கூன் மில்கள் உமியைக் கொதிகலனில் எரித்து நீராவி எஞ்சின் ஓட்டின. தார்த் தொல்லையே கிடையாது, எல்லாம் எரிந்துவிடும். ஆனால் உமி மூட்டை மூட்டையாகத் தின்னும், கொதிகலனுக்குத் தனி ஆள் வேண்டும். 40 குதிரைசக்திக்கு இன்று யாரும் அதற்குப் போக மாட்டார்கள்.

கவர்னர்

கல் வேலை தொடங்கும் முன் இரண்டு எச்சரிக்கை. இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

இந்தக் கேஸில் ஐந்தில் ஒரு பங்கு வரை கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. காற்றில் 1200 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1200 பங்கு) இருந்தாலே உயிருக்கு ஆபத்து. எஞ்சின் உறிஞ்சும்போது ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகும், ஊதுகாற்றாடி தள்ளும்போது கேஸ் வெளியே வரும். அதனால் மூட்டும் நேரமும் அணைத்த பிறகு வரும் நேரமும்தான் பயம். அணைத்தாலும் உலை மணிக்கணக்கில் புகையும். உலைக் கொட்டகைக்குச் சுவரே வேண்டாம், இரவில் யாரும் அதன் பக்கத்தில் படுக்கக்கூடாது, பாட்டரியில் ஓடும் எச்சரிக்கை மணி ஒன்று மாட்டுங்கள். உலைக்குள் கல் கட்ட ஆள் இறங்குவதென்றால் முழு நாள் ஆறப்போட்டு, சாம்பலை எல்லாம் வெளியே எடுத்து, மேலே ஒருவர் நின்ற பிறகுதான். சாம்பல் வாரும்போது தண்ணீர் தெளித்து நனையுங்கள், முகமூடி போடுங்கள். அதிகச் சூட்டில் எரிந்த சாம்பலில் சிலிக்கா படிகமாகி இருக்கும், அந்தத் தூசி நுரையீரலை விடாது.

இன்னொன்று அடித் தண்ணீர். U குழாய் காட்டும் மிகப் பெரிய வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்காவது உலைத் தகடு தண்ணீருக்குள் முங்கி நிற்க வேண்டும். சூட்டில் தண்ணீர் வற்றிக்கொண்டே இருக்கும். வற்றினால் அடியிலிருந்து காற்று ஏறிச் சூடான கேஸோடு கலந்து வெடிக்கும். மிதவை வால்வு வைத்து மேல்தொட்டியிலிருந்து தானாக நிரம்பும்படி செய்யுங்கள்.

பெகு மில்

புரிந்தது. ஆப்புக்கல் கிடைக்கும் வரை மூன்று வேலை: பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சாம்பல், நிறுத்தும் முன் கால் மணி நேரம் வெறும் டீசல், வாய்க்கால் மடையை அடைத்துவிட்டுத் தொட்டி. விட்டம் குறையும் முன்பே சாம்பலை அடிக்கடி தள்ளினால் நெருப்பு கீழே இறங்கிவிடாதா?

உலைவாய்

இறங்கும். உங்கள் அகல உலையில் சாம்பல் மணிக்கு அரை அடிதான் ஏறுகிறது, அதனால் இப்போதைக்கு அரை மணிக்கு ஒரு தடவை கால் சுற்று போதும். கீழே விழும் கரியைப் பாருங்கள். சாம்பல் நிறமாக விழுந்தால் சரி. பழுப்பாக, பாதி வேகாத உமி கலந்து விழுந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள். அடுத்த சுற்றைத் தள்ளிப்போடுங்கள்.